பைலட் விடுதியின் படிக்கட்டு

துறைமுகத்தை ஒட்டிய பழைய பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது சாவிக்காரியின் வேலை. மற்ற நாட்களில் ஒரு கப்பல் ஏஜென்ட்டின் அலுவலகத்தில் தட்டச்சு செய்வாள். ஞாயிறு மட்டும் தொப்பியும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு, சுங்கச் சாவடி, கயிற்றுக் கிடங்கு, கப்பல் பழுதுபார்க்கும் தொட்டி என்று பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக் கதை சொல்வாள். துறைமுக நிர்வாகம் கொடுத்த சாவிக்கொத்து இடுப்பில் தொங்கும். நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள்தான் முதலில் அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு தபால்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் சாவிக்காரி ஆகிவிட்டாள்.

அன்றைக்கு வந்த கூட்டம் சிறியது. அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நர்சம்மா. முழங்கால் வலிக்கு மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். பழைய சுண்ணாம்புச் சுவர் வேலை ஒன்றைப் புதிதாக ஒப்புக்கொண்டு, எப்படித்தான் பூசியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போக வந்த ஒரு கொத்தனார். தூண் மாதிரி ஆள். கல்யாணமாகிச் சில வாரங்களே ஆன ஒரு ஜோடி. பெண்தான் ஆசைப்பட்டு வந்தாள், மாப்பிள்ளை போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், கொஞ்சம் தள்ளி, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்ட ஒல்லியான ஒரு ஆள். டிக்கெட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற மாலுமியாக இருக்கும் என்று சாவிக்காரி நினைத்துக்கொண்டாள். அந்த மாதிரி ஆட்கள் வருவதுண்டு. எதுவும் கேட்க மாட்டார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சுங்கச் சாவடியில் அவள் வழக்கமான தமாஷைச் சொன்னாள். "இத்தனை பெரிய கட்டடம். நாற்பது ஜன்னல். கட்டி முடிச்சுக் குடியேறுன அப்புறம்தான் ஒரு கக்கூஸ்கூட வெக்கலைன்னு தெரிஞ்சுதாம். அதிகாரிங்க எல்லாம் ஆபீஸ் நேரத்துல படகுல ஏறி எங்கேயோ போய்ட்டு வந்திருக்காங்க."

நர்சம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கொத்தனார் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றுக் கிடங்கில் வேலைநிறுத்தக் கதை. கூலி உயர்வு கேட்டு மூட்டை தூக்குகிறவர்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். முதலாளிகள் வெளியூரிலிருந்து அடியாட்களை இறக்கினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு தரப்பும் மூட்டையைக் குத்தி இழுக்கிற கொக்கியாலேயே ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டார்கள். "வடம் சுத்தி வெச்சிருந்த இடம் முழுக்க ரத்தம். அந்த வடத்தை வாங்க எந்தக் கப்பலும் வரலை. கடைசியில கடல்ல போட்டாங்க." கதையில் தேதி வந்தால் கூட்டம் விலகி நிற்கும், ரத்தம் வந்தால் கிட்டே வந்து நிற்கும். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது அத்துப்படி. மாப்பிள்ளைகூடப் போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

கயிற்றுக் கிடங்கிலிருந்து பழுதுபார்க்கும் தொட்டிக்குப் போக ஒரே தெருதான். அந்தத் தெருவின் நடுவில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. வெளிக்கடலில் நிற்கும் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் நடத்திக்கொண்டு வருகிற பைலட்டுகள் ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில் படுத்து எழுந்த விடுதி அது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. அந்த இடம் வந்ததும் சாவிக்காரி எதிர்ப்பக்கம் ஏறிவிடுவாள். தெருவிளக்குக் கம்பத்தைக் காட்டி, அது எந்தப் பட்டறையில் வார்த்தது என்று பேசிக்கொண்டே கூட்டத்தைக் கடத்திவிடுவாள். அன்றும் அப்படித்தான் கம்பத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இந்த வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

பின்னாலிருந்து வந்தது குரல். தொப்பிக்காரர்தான். அதுவரை பேசாத ஆள் முதல்முறையாகப் பேசினார்.

முகம் மாறியிருந்தது. முடி போயிருந்தது, பல் போயிருந்தது, கன்னம் உள்ளே விழுந்திருந்தது. ஆனால் குரல் அப்படியே இருந்தது. அந்தக் குரல் ஒரு காலத்தில் வாரத்தில் நான்கு நாள் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. மீன்முள் எடுத்துத் தரச் சொல்லி அக்காவை அதட்டியது. அவளை "மச்சினி" என்று கூப்பிட்டது. அவள் "மாமா" என்று கூப்பிட்டிருக்கிறாள்.

அவளுடைய அக்காவைக் கொன்றவன். அப்போது அவன் பைலட் படகுகளுக்கு மெக்கானிக்காக இருந்தான்.

மற்றவர்கள் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்றான். "குட்டி எங்க இருக்கா?" என்றான் மெதுவாக.

குட்டி அவன் மகள். அம்மா செத்தபோது நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை. அன்றைக்கே சாவிக்காரி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு இறக்கவே இல்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது "பிள்ளையோட வர்றேன்" என்றாள், பேச்சு நின்றது. எதையும் அவள் குட்டியிடம் மறைக்கவில்லை. கேட்கிற வயது வந்ததும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள். இப்போது குட்டிக்கு வேலை துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில். வயர்லெஸ்ஸில் கப்பல்களுக்கு முறை சொல்வாள். இராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, இந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

சாவிக்காரிக்கு முதலில் அதுதான் தோன்றியது. இப்போது கூட்டத்தைக் கலைத்தால் இவன் பின்னாலேயே வருவான். கத்தலாம், என்னவென்று கத்துவது? தண்டனை முடித்து வெளியே வந்த ஆள். எல்லோரையும் போல டிக்கெட் வாங்கியிருக்கிறான். தெருவில் நிற்பதற்கு யாருடைய அனுமதியும் அவனுக்கு வேண்டாம்.

"உள்ள கூட்டிட்டுப் போயேன்," என்றான் மெக்கானிக், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி. "கதை இல்லாத வீடா இது? எத்தனையோ வீட்டுக் கதை சொல்றே."

"ஆமா மேடம், ரொம்ப அழகா இருக்கு. உள்ள பாக்க முடியாதா?" என்று புதுப்பெண்ணும் சேர்ந்துகொண்டாள்.

பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. இத்தனை வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் இந்த வாசலைத் தலைகுனிந்து கடந்தவள் அவள்தான். இவன் இங்கே நின்றுகொண்டு, உள்ளே காட்டு என்கிறான்.

"பாக்கலாம்," என்றாள். "வாங்க."

பூட்டு துருப்பிடித்திருந்தது. கொத்தனார் தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்ளே புறா எச்சமும் ஈர மரமும் சேர்ந்த வாடை. பெரிய கூடம், அதன் ஓரச் சுவரை ஒட்டி மாடிக்கு ஏறும் அகலமான மரப்படிக்கட்டு. படியோரத்து ஜன்னல் ஒன்றின் கதவு பெயர்ந்து தொங்கியது. அதைக் குறுக்கே தாங்கும் இரும்புச் சட்டம் மாடத்தில் சாய்ந்து கிடந்தது. அந்த வழியாக வந்த வெளிச்சம் படியில் விழுந்தது.

சாவிக்காரி இரண்டு படி ஏறித் திரும்பி நின்றாள். மெக்கானிக் கதவுப் பக்கம் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இந்தப் படி முழுக்கத் தேக்கு," என்று ஆரம்பித்தாள். சுங்கச் சாவடியில் பேசிய அதே குரலில்தான் பேசினாள். அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "உடைச்ச கப்பல்ல இருந்து எடுத்த மரம். மேல பைலட்டுங்க தூங்குவாங்க. கீழ பின்கட்டுல ஒரு குடும்பம் இருந்துச்சு. அந்தப் பொண்ணுதான் விடுதிக்குச் சமையல், படுக்கை விரிக்கிறது, துணி துவைக்கிறது எல்லாம். புருஷன்காரன் படகு மெக்கானிக். பைலட்டு ஒருத்தர் சாப்பாடு நல்லா இருக்குன்னு சொன்னா அன்னிக்கு ராத்திரி அவளுக்கு அடி. காலையில டீ கொண்டுபோய்க் கொடுத்தா அதுக்கும் அடி. ஏன் சிரிச்சே, ஏன் குனிஞ்சே, ஏன் கதவைச் சாத்தலே. ஒரு தடவை கையை உடைச்சான். பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு அவ சொன்னா. நாங்க... வீட்டுல எல்லாரும் அதை நம்பினாங்க."

"அய்யோ," என்றாள் புதுப்பெண். மாப்பிள்ளை கொஞ்சம் நெருங்கி வந்தான். கயிற்றுக் கிடங்கில் வந்தது போலவே எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

"ஒருநாள் மத்தியானம் புயல் எச்சரிக்கை. கப்பல் எதுவும் வரலை. பைலட்டு எல்லாரும் மேலதான் இருந்தாங்க, சீட்டு விளையாடிக்கிட்டு. இவ டீ எடுத்துட்டு மேல போனா. அவன் பட்டறையில இருந்து பெரிய ஸ்பேனரோட வந்தான். இதோ, இந்தப் படியில அவ ஏறிக்கிட்டிருக்கும்போது, பின்னால இருந்து தலையில அடிச்சான். விழுந்தவளைத் திரும்பத் திரும்ப அடிச்சான். மேல இருந்தவங்க சத்தம் கேட்டு வர்றதுக்குள்ள முகமே இல்லை. குழந்தை அந்தக் கதவுகிட்ட உக்காந்து பாத்துக்கிட்டிருந்துச்சு."

புறா ஒன்று உத்தரத்தில் இறக்கையை அடித்துக்கொண்டது.

"பின்னால இருந்து இல்ல," என்றான் மெக்கானிக்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கோர்ட்லயும் அப்படித்தான் சொன்னாங்க. தப்பு. நான் கூப்பிட்டேன், அவ திரும்பிட்டா. டீ தட்டைக் கையில வெச்சுக்கிட்டு என்னைப் பாத்துக்கிட்டேதான் நின்னா. நான் பின்னால இருந்து அடிக்கிற ஆள் இல்ல."

முதலில் புரிந்துகொண்டது நர்சம்மா. பக்கத்தில் நின்ற புதுப்பெண்ணின் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கமாக இழுத்தார். "எல்லாரும் மெதுவா வெளிய வாங்க," என்றார், வார்டில் பேசுகிற குரலில்.

"யாரும் போக வேணாம். நான் யாரையும் ஒண்ணும் செய்ய வரலை," என்றான் மெக்கானிக். அவன் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். "நான் கேக்குறது இவகிட்ட மட்டும்தான். என் பொண்ணை எங்க வெச்சிருக்கே?"

சாவிக்காரி இன்னொரு படி மேலே ஏறி நின்றாள்.

"இப்போ இழுவைப் படகுல வேலை பாக்குறேன். போன மாசம் வயர்லெஸ்ல ஒரு குரல். 'இழுவைப் படகு, காத்திருங்க, பெரிய கப்பல் வருது'ன்னு. கையில இருந்த வடத்தை விட்டுட்டேன். அப்படியே அவங்கம்மா. அப்படியே அதே குரல். விசாரிச்சேன். பேரைச் சொன்னாங்க. அந்த ஆபீசுக்குள்ள என்னை விட மாட்டேங்கிறாங்க. நீ கூட்டிட்டு வா. ஒரு தடவை உக்காந்து பேசணும். அவ்வளவுதான்."

"அவ உன் பொண்ணு இல்ல. அக்கா பொண்ணு."

"தண்டனையை அனுபவிச்சாச்சு. முழுசா. ஒருநாள்கூடக் குறைக்காம."

"நீ வெளிய வந்துட்டே," என்றாள் சாவிக்காரி. "அக்கா வரலியே."

அவன் இரண்டே எட்டில் படியேறினான். ஒல்லியான ஆள் அவ்வளவு வேகமாக வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, படிக்கட்டின் கைப்பிடித் தூணில் முகத்தை மோதினான். ஏதோ முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது முறை மோதியபோது பல் தெறித்துப் படியில் உருண்டது. "எங்க? எங்க இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே மோதினான். கோபப்பட்டவன் குரல் மாதிரியே இல்லை. கடையில் சாமான் கேட்பது போல இருந்தது.

கொத்தனார் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துக் கீழே இழுத்தார். இருவரும் படியில் புரண்டார்கள். கொத்தனார் இரண்டு மடங்கு கனம். ஆனால் மெக்கானிக்கின் கை இடுப்புக்குப் போய்த் திரும்பியபோது அதில் கயிறு அறுக்கிற கத்தி இருந்தது. கொத்தனாரின் முன்கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை கீறினான். பிறகு தொடையில் ஒரு குத்து. கொத்தனார் கத்தவில்லை, "டேய்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். ரத்தம் தரையின் தூசியில் கட்டிக்கட்டியாக உருண்டது.

கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளை "போலீசைக் கூட்டிட்டு வர்றேன்" என்று ஓடினான். புதுப்பெண் அவனோடு ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று பிறகு அவளிடம் பலர் கேட்டார்கள், அவளுக்கே தெரியவில்லை. நர்சம்மா ஸ்டூலைப் போட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டார். அந்த முழங்காலோடு எப்படி மண்டியிட்டார் என்று தெரியவில்லை. தன் துப்பட்டாவைக் கழற்றிக் கொத்தனாரின் தொடையைச் சுற்றி இறுக்கினார். "அமுக்கிப் பிடிங்க. உங்க கையாலயே. விட்டீங்கன்னா போய்டுவீங்க," என்றார் அவரிடம்.

மெக்கானிக் திரும்பவும் படியேறினான். சாவிக்காரி தவழ்ந்து மாடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். தாடை தொங்கியது, வாயிலிருந்து நூல் நூலாக ரத்தம். அவன் அவள் வலது கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினான். தோள் கழன்றது. புதுப்பெண் ஓடிவந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பிப் பார்க்காமலே முழங்கையை வீசினான். மூக்கு உடைந்து அவள் ஜன்னல் மாடத்தில் போய் விழுந்தாள். மாடத்தில் சாய்ந்திருந்த இரும்புச் சட்டம் அவளோடு சரிந்து படியில் விழுந்து உருண்டது.

சாவிக்காரியின் இடது கை அதைத் தொட்டது.

முதல் அடி அவன் முழங்காலில் விழுந்தது. அவன் மடங்கினான். இரண்டாவது அடி கத்தி பிடித்த கையில். கத்தி கீழே போய் விழுந்தது. அவள் எழுந்து நின்றாள். ஒரு கை செத்த பாம்பு மாதிரித் தொங்க, மறு கையால் சட்டத்தைத் தூக்கி அவன் தோளில் அடித்தாள். அவன் படியில் சாய்ந்து இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டான். அந்தக் கைகளின் மேலேயே அடித்தாள். விரல் முறிந்தது. கை விலகியது. தலையில் அடித்தாள்.

அத்தோடு சண்டை முடிந்துவிட்டது. அவன் அசையவில்லை. ஆனால் அவள் நிறுத்தவில்லை. சட்டம் ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தாடை உடைந்திருந்ததால் அது வார்த்தையாகவில்லை. அவனுக்கு அடிப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கை தானாகவே ஏறியது. இறங்கும்போது உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இதை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை, குட்டியிடம் தவிர.

"போதும்மா," என்றார் நர்சம்மா கீழேயிருந்து. "போதும். மூச்சு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அவள் காதில் விழவில்லை. சட்டம் மறுபடி மேலே போனது, இறங்க மறுத்தது. திரும்பிப் பார்த்தாள். மூக்கிலிருந்து மார்பு வரை ரத்தம் ஒழுக, புதுப்பெண் அதன் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்கக்கா," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. உங்களைப் பாத்துதான்."

சாவிக்காரி விட்டாள்.

போலீஸ் வந்தது. அவர்களுக்கும் பின்னால் சற்று நேரம் கழித்து மாப்பிள்ளை வந்தான். நர்சம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லவேளை தம்பி, போலீசுக்கு வழி தெரிஞ்சிருந்துச்சு," என்றார்.

ஆஸ்பத்திரியில் சாவிக்காரியின் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். தோளைப் பொருத்தினார்கள். மெக்கானிக்கை அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில், காலைக் கட்டிலோடு விலங்கு மாட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். மண்டையோட்டில் விரிசல், ஒரு கண் போனது, விரல்கள் போயின. பிழைத்துக்கொள்வான் என்றார்கள்.

குட்டி தூக்கக் கலக்கத்தோடு வந்தாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சீருடையையே மாற்றாமல் தூங்கியிருந்தாள். சித்தியின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே திரும்பிக் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். நர்சம்மாவும் கூடவே போனார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் முதலில் மறுத்தார். யார் என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார்.

மெக்கானிக்கின் தலை முழுக்கக் கட்டு. ஒற்றைக் கண் திறந்திருந்தது. கதவில் நின்றவளைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் தண்ணீர் கட்டியது.

"குட்டி," என்றான். "குட்டிதானே?"

அவள் நின்றாள்.

"உங்கம்மா மாதிரியே இருக்கே. வயர்லெஸ்ல கேட்டேன். ஒரு வார்த்தை பேசும்மா. திட்டு. என்ன வேணா சொல்லு. குரலைக் கேக்கணும்."

அவள் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் மாவுக்கட்டுக்குள் இருந்தன. அவன் கெஞ்சினான். காலில் விழுவேன் என்றான். எழுந்திருக்க முயன்றான், விலங்கு கட்டிலில் மோதியது. அம்மா பெயரைச் சொன்னான். குட்டி வாயைத் திறக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஓய்ந்து, திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்ததும் வெளியே வந்தாள். நடைக்கூடத்தில் நர்சம்மா அவள் முதுகைத் தடவினார். முதுகு கல் மாதிரி இருந்தது.

மேலே வந்து சித்தியின் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள். அப்போது நிறுத்தவே இல்லை.

"நீ பேசாதே சித்தி. பேசவும் முடியாது, நல்லதாப் போச்சு. நான் சொல்றதைக் கேளு. உள்ள எதுக்குக் கூட்டிட்டுப் போனே? உனக்கென்ன பைத்தியமா? எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா துறைமுகத்துப் போலீஸ் மொத்தமும் வந்திருக்கும். சரி, போனே. அடிச்சான். திருப்பி அடிச்சே. நல்லா அடிச்சே. அவன் விழுந்த அப்புறம் எதுக்கு அடிச்சே? அவன் செத்தா எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உன் கையால அவன் சாகக்கூடாது. அம்மாவை அவன் எடுத்துக்கிட்டான். உன்னையும் நீயே கொண்டுபோய் அவன்கிட்ட கொடுக்கப் பாத்தியே. அவன் இருந்துட்டு வந்த இடத்துல நீ போய் உக்காந்தா நான் யாருக்குச் சாப்பாடு கட்டுவேன்? யார்கிட்ட வந்து தூங்குவேன்? யோசிச்சியா? ஒரு நிமிஷம் யோசிச்சியா?"

சாவிக்காரி தலையை ஆட்டினாள். யோசிக்கவில்லை என்று.

"தலையை ஆட்டாதே, கம்பி கழண்டுக்கும்," என்றாள் குட்டி. பிறகு அழுதாள்.

வழக்கு இரண்டாக நடந்தது. அவன் மேல் ஒன்று. அதில் அவனுக்குத் திரும்பவும் நீண்ட சிறை. அவள் மேல் ஒன்று. விழுந்துவிட்ட ஆளை அடித்ததற்கு. கொத்தனார் சாட்சிக் கூண்டில் கையின் தழும்பைக் காட்டி, "எனக்கு ரத்தம் போய்க்கிட்டிருந்துச்சுங்க, கண்ணு இருட்டிடுச்சு, ஒண்ணும் தெரியலை," என்றார். அவர் பொய் சொல்கிறார் என்பது நீதிபதி உட்பட எல்லோருக்கும் தெரிந்தது. நர்சம்மா அப்படிச் சொல்லவில்லை. "முதல் அடியெல்லாம் அவசியம். அது இல்லைன்னா எங்க யாருக்கும் உயிர் இல்லை. கடைசி அடிங்க அவசியம் இல்லை. நான் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தலை," என்றார். சாவிக்காரியின் வக்கீலுக்கு அவர் மேல் கடுங்கோபம். சாவிக்காரிக்கு இல்லை. அடுத்து அவள் கூண்டில் ஏறினாள். எதற்காகத் தொடர்ந்து அடித்தீர்கள் என்று கேட்டபோது, "அவன் சாகணும்னு," என்றாள். தாடை சேர்ந்திருந்தாலும் வார்த்தை கொஞ்சம் குழறியது. வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நீதிபதி அவளைச் சிறைக்கு அனுப்பவில்லை. தண்டனையை நிறுத்திவைத்து, மாதா மாதம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சுற்றிக்காட்டும் வேலையைத் துறைமுக நிர்வாகம் வேறொருவருக்குக் கொடுத்தது. சாவிக்கொத்தை வாங்க ஆள் வந்தபோது அவள் வாசலிலேயே கொடுத்து அனுப்பிவிட்டாள். பெயர் மட்டும் மாறவில்லை.

புதுப்பெண் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். மூக்கு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. தனியாகத்தான் வந்தாள். மாப்பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு, குட்டியோடு உட்கார்ந்து சாயங்காலம் வரை படம் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தாள்.

கையெழுத்துப் போடப் போகும் நாட்களில் குட்டியும் கூடப் போவாள். ஷிப்டை மாற்றிக்கொண்டாவது போவாள். முதல் தடவை ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபோது சாவிக்காரி அவளிடம் அதைச் சொன்னாள்; அடிக்கும்போது பாரம் இறங்கினதை, கை தானாக ஏறினதை. "நானும் அவனும் ஒண்ணுதானோன்னு இருக்கு," என்றாள்.

குட்டி அவள் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டவைத்தாள். "மூக்கு உடைஞ்ச அந்த அக்கா சட்டத்தைப் பிடிச்சதும் விட்டுட்டேல்ல?"

"விட்டுட்டேன்."

"அவனை யாரும் பிடிக்கலை. மேல சீட்டு விளையாடிக்கிட்டிருந்தாங்க," என்றாள் குட்டி. "பிடிச்சிருந்தாலும் விட்டிருப்பானான்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சித்தி. வா, பசிக்குது."

டீக்கடையில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டார்கள். சாவிக்காரிக்கு இடது பக்கம் இன்னும் மெல்ல வராது. காலையில் வெளிக்கடலில் காக்க வைத்ததற்காக ஒரு கப்பல் கேப்டன் வயர்லெஸ்ஸில் தன்னைத் திட்டியதை, அவர் திட்டி முடித்ததும் "சரிங்க, இன்னும் ரெண்டு மணி நேரம்" என்று தான் சொன்னதை, குட்டி அந்தக் குரலிலேயே நடித்துக் காட்டினாள். சாவிக்காரி தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.